சிங்கம் இல்லாத சஃபாரி: சித்தன்னவாசல் முள்ளுக்காட்டை நாம் ஏன் காடாகவே பார்ப்பதில்லை?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நண்பர் ஒருவர் போட்டோ போட்டிருந்தார். மஞ்சள் புல்வெளி, குடை விரித்த மாதிரி ஒற்றை மரம், அதன் நிழலில் ஒரு சிங்கம். தென்னாப்பிரிக்காவில் ஒரு தனியார் சஃபாரி காப்பகமாம். நாலு ராத்திரி தங்கியிருக்கிறார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டவர்களுக்குத் தொகையைச் சொன்னார். அதன் பிறகு குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு அந்தப் படத்தில் சிங்கத்தைவிட மரம்தான் உறுத்தியது. ஏன்னா, அதே மாதிரி மரத்தைத் தென் மாவட்டங்களில் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம்ம ஊரில் அதற்கு உடை மரம், குடைவேலம் என்று பெயர். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது நிழல், அதன் நெற்று ஆட்டுக்குத் தீனி. சஃபாரி போஸ்டரில் நிற்கும் ஆப்பிரிக்க மரத்துக்கு இது தாவரவியலில் நெருங்கிய சொந்தம். அங்கே அந்த மரம் நிற்கும் நிலத்தைப் பார்க்க விமானம் ஏறிப் போகிறோம். இங்கே அது நிற்கும் நிலத்துக்குப் பேர் தரிசு.

இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப அழுத்தமாகப் பட்ட இடம் புதுக்கோட்டை மாவட்டத்து சித்தன்னவாசல். அங்கே போவதற்கு முன், அந்த ஆப்பிரிக்கக் காப்பகம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இங்கே அதைக் காப்பியடிக்கலாமா கூடாதா என்ற கேள்வி கடைசியில் வரத்தான் போகிறது.

தனியாருக்குச் சொந்தமான காடு... எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி சாபி சாண்ட் என்ற பகுதி இருக்கிறது. 60,000 ஹெக்டேருக்கு மேல். முழுக்கத் தனியார் நிலம். பல உரிமையாளர்கள் 1948-ல் ஒன்று சேர்ந்து உருவாக்கிய காப்பகம். உள்ளே இருப்பவை சொகுசு லாட்ஜுகள். (நம்மூரில் ‘லாட்ஜ்’ என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருப்பது, அங்கே நிலைமை வேறு.)

இதன் கணக்கு எளிது. அந்தப் பகுதியில் மழை குறைவு, ஆண்டுக்கு 500 முதல் 700 மில்லிமீட்டர். விவசாயம் செய்தால் கட்டாது, மாடு வளர்த்தாலும் பெரிதாக மிஞ்சாது. அதே நிலத்தைச் சும்மா விட்டு, காட்டு விலங்குகள் வரவிட்டு, பார்க்க வருபவர்களிடம் காசு வாங்கினால் அதைவிட அதிகம் கிடைக்கிறது. போதாததற்கு, 1991-ல் வந்த ஒரு சட்டப்படி, முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கின் மீது நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. விலங்கு சொத்தாகிவிட்டால் அதைக் காப்பாற்ற ஒரு காரணமும் வந்துவிடுகிறது.

பலன் இல்லாமல் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் தனியார் நிலங்களில் வாழ்கின்றன. 1993-ல் சாபி சாண்டுக்கும் குரூகருக்கும் நடுவே இருந்த வேலியையும் எடுத்துவிட்டார்கள். விலங்குகள் அரசு நிலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் நடுவே தாராளமாகப் போய் வருகின்றன.

சூப்பர்தானே? இருங்க, இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அதே குரூகரின் வடகோடியில் மகுலேகே என்ற மக்கள் இருந்தார்கள். 1969-ல் அவர்களைக் கட்டாயமாக வெளியேற்றி, அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது நிறவெறி அரசு. நாம் ‘மனிதக் கால் படாத இயற்கை’ என்று போட்டோ எடுக்கும் இடம் பல நேரங்களில் இப்படி மனிதர்களைத் துடைத்து எடுத்த இடம்தான். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு மகுலேகே மக்கள் வழக்குப் போட்டு, 1998-ல் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். வாங்கிய பிறகு அவர்கள் செய்ததுதான் விசேஷம். பழையபடி குடியேறவில்லை. நிலத்தைக் காடாகவே விட்டு, லாட்ஜ் நடத்துபவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். உரிமை கைக்கு வந்த பிறகு, காப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

கென்யாவின் மசாய் மாரா பூங்காவைச் சுற்றிலும் இப்போது இதே போன்ற ஏற்பாடுதான். மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் காப்பகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்து வாடகை வாங்குகின்றன. ஆனால் எல்லை தாண்டி டான்சானியாவின் லோலியாண்டோவுக்குப் போனால் கதை மாறுகிறது. 2022 ஜூனில் அங்கே 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைக் காப்பகமாக எல்லை குறித்தபோது மசாய் மக்களுக்கும் போலீசுக்கும் மோதல். ஆக, காப்பகம் என்று சொன்னால் போதாது. நிலத்தின் பட்டா யார் பேரில், வருமானம் யார் கைக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது சித்தன்னவாசலுக்கு வருவோம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசல் போகும் வழி. வெட்டவெளியில் திடீரென்று எழும் ஒரு நீளமான பாறைக் குன்று. பெரும்பாலானவர்கள் வருவது அறிவர் கோயில் ஓவியத்துக்காக. குடைவரைக்குள் நுழைந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, ‘அவ்ளோதானா, இவ்வளவு மங்கிப்போச்சே’ என்று சொல்லிவிட்டு, கீழே பூங்காவில் குழந்தைகளை ஊஞ்சல் ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

அந்த விதானத்தை இரண்டு நிமிஷம் பொறுமையாகப் பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வரைந்திருப்பது ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன்கள். அன்னங்கள். தண்ணீரில் எருமைகள், யானைகள். அவற்றுக்கு நடுவே, பூப் பறித்துக்கொண்டு மூன்று மனிதர்கள். சமணர்களுக்கு இது சமவசரணத்தோடு தொடர்புடைய புனிதக் குளம். சமயப் பொருளை அறிஞர்கள் விளக்கட்டும். எனக்குப் பிடித்த விஷயம் அந்த மூவரும் நிற்கும் இடம். ஜீப்பில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கவில்லை. யானை நிற்கும் அதே குளத்துக்குள் நின்று பூப் பறிக்கிறார்கள்.

இதையும் வரைந்தவர் கண்ணால் பார்த்துத்தான் வரைந்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எருமை தண்ணீரில் கிடக்கும் விதம் தெரியாத கை அதை வரைந்திருக்காது.

குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்துப் போக வேண்டிய இடம், இப்போது பாதுகாப்புக்குக் கம்பி இருக்கிறது. உள்ளே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். ஒன்றில் தமிழி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டது. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்த இருக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். நாட்டின் பெயரில் விலங்கு, ஊரின் பெயரில் குமிழ மரம். விலாசமே ஒரு நிலக்காட்சி!

அந்தக் குகை வாசலில் நின்று கீழே பார்த்தால்தான் நான் சொல்ல வந்த நிலம் தெரியும். காரை, சூரை, கிளுவை, இலந்தை என்று முட்புதர். ஆவாரை. இடையிடையே பாறைச் சுனைகள், தூரத்தில் ஏரி, கண்மாய், பனை வரிசை. காலையில் கவுதாரி கத்தும். மயிலுக்குப் பஞ்சமே இல்லை, பக்கத்து விராலிமலையே மயிலுக்குப் பேர்போன ஊர். உடும்பு, கீரி, முயல், நரி, இருட்டிய பிறகு பக்கிக் குருவி. புதுக்கோட்டைக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. சாபி சாண்டைவிட அதிகம். அதைப் பிடித்து வைக்கத்தான் இந்த மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகளை முன்னோர்கள் வெட்டி வைத்தார்கள்.

இந்த நிலத்தில் ஓவியத்துக்குக் காவல் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010 சட்டத் திருத்தம் அப்படிச் சொல்கிறது. ஆக மொத்தம் 300 மீட்டர். யானை, எருமை, மீன் எல்லாம் விதானத்தில் பத்திரம். 301-வது மீட்டரில் இருக்கும் காரைப் புதரும் அதில் கூடு கட்டிய பறவையும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது.

‘தரிசு’ என்று எழுதியது யார்?

நில வரி வராத இடமெல்லாம் வெள்ளைக்காரனின் வருவாய்க் கணக்கில் ‘வேஸ்ட்’. மேய்ச்சல், விறகு, மூலிகை, குளத்துக்கு ஓடிவரும் தண்ணீர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. புறம்போக்கு என்ற சொல்லைப் பாருங்கள். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த சொல், இன்று ஆளைத் திட்டுவதற்குப் பயன்படுகிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான், கணக்கு போகவில்லை. இன்றைக்கும் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் ‘புதர் உள்ள நிலம்’ என்பது ஒரு தரிசு வகை.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தரிசு என்று ஏட்டில் ஏறிவிட்டால், அதை ‘உபயோகமாக’ மாற்றுவது நல்ல காரியம் ஆகிவிடுகிறது. புதுக்கோட்டையில் இது கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. திருச்சி–புதுக்கோட்டை பகுதியில் வண்டியில் போனால் வரிசை வரிசையாகத் தைல மரம் பார்ப்பீர்கள். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் அதில் பெரும்பகுதி. மரம் போவது காகித ஆலைக்கு. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க வெட்டிய வரப்புகளும் குழிகளும் கண்மாய்க்குப் போகும் வரத்து வாரியை மறிக்கின்றன என்பது இந்த மாவட்ட விவசாயிகளின் பல ஆண்டுப் புகார். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. தைல மரத் தோப்புக்குள் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள், பறவைச் சத்தம் எப்படிக் குறைகிறது என்று புரியும்.

இங்கே முன்னால் இருந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் பழைய கோயில் காடுகளுக்குப் போக வேண்டும். வீரை, காசான், பாலை, கருங்காலி. வெயில் காலத்திலும் இலை கொட்டாத குட்டையான அடர்ந்த காடு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இந்தியாவில் கிழக்குக் கரையை ஒட்டிய வறண்ட பகுதியில் மட்டும் பரவலாக இருந்த வகை. பெரும்பாலும் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அய்யனார் புண்ணியத்தில். விறகு ஒடித்தால் சாமி குத்தம் என்ற பயம், எந்த ரேஞ்சரும் இல்லாமல் பல தலைமுறை வேலை பார்த்திருக்கிறது. ஒரு வகையில் அது அய்யனாரின் தனியார் காப்பகம்.

இன்னொரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல எண்ணம். ஆனால் மரக்கன்று நட ‘காலி இடம்’ தேடிப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்தப் புதர்நிலமும் புல்வெளியும்தான். கவுதாரிக்கும் முயலுக்கும் வேண்டியது திறந்த நிலம். அங்கே ஆயிரம் கன்று நட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டால் பசுமை கூடியது போல இருக்கும், உயிர் குறையும்.

பேர் மாறினால் என்ன நடக்கும்?

சித்தன்னவாசல் மாதிரியே ஓர் ஊர் மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. அங்கும் பாறைக் குன்றுகள், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, குடைவரை, சுனைகள். 2022-ல் அங்கே 193.215 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. லகடு வல்லூறு, தேவாங்கு, அலங்கு எல்லாம் இருக்கும் இடம் என்பது அரசுப் பதிவில் ஏறியது.

இரண்டே வருஷத்தில் அந்தப் பதிவுக்கு வேலை வந்தது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியே தெரிந்தது. 2,000 ஹெக்டேருக்கு மேல். ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது மக்கள் போராட்டம், சந்தேகமில்லை. ஆனால் ‘வெறும் பொட்டல்தானே’ என்று யாரும் வாதாட முடியாமல் போனதற்கு அந்த 2022 அறிவிப்பும் காரணம் என்றே நினைக்கிறேன்.

அதே 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கு என்று வந்த முதல் சரணாலயம். உள்ளங்கை அளவுக் கண்ணோடு இருப்பதாகத் தோன்றும் அந்தச் சின்ன விலங்கு பெரிய காட்டில் மட்டும் வாழ்வதில்லை. புதர்க்காட்டிலும் தோட்டத்து உயிர்வேலியிலும் வாழ்கிறது. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளுமே என்று ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு அதற்காக யாரும் பணம் கொடுத்ததில்லை.

அப்போ இங்கேயும் ஒரு சஃபாரி ரிசார்ட் போடலாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். முதலீட்டாளர்களுக்கும் வரும்.

வேண்டாம் என்பதே என் கருத்து. நம்ம ஊர் அனுபவமே காரணம். நீலகிரியில் மசினகுடி, சீகூர் பகுதியில் தனியார் நிலம் வாங்கி ரிசார்ட் போட்டார்கள். யானைகள் காலங்காலமாக நடந்த வழி அது. பல இடங்களில் மின்வேலி, முள்வேலி. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2018-ல் ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்க உத்தரவு வந்தது. 2020 அக்டோபர் 14-ல் யானை வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாபி சாண்டில் உரிமையாளர்கள் வேலியை எடுத்ததால் லாபம் பார்த்தார்கள். சீகூரில் சிலர் வேலியைப் போட்டு லாபம் பார்க்க முயன்றார்கள். நம்ம சட்டமும் வேறு. 1972 வனவிலங்குச் சட்டப்படி, நீங்கள் எவ்வளவு உயரத்துக்கு வேலி போட்டாலும் உள்ளே வரும் மான் உங்களுடையது ஆகாது. எனவே தனியாருக்கு விலங்கின் மேல் அக்கறை வருவதற்கான காரணம் இங்கே கிடையாது, ‘வியூ’வின் மேல்தான் அக்கறை வரும்.

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கைக் கொண்டுவந்து விடலாமே என்பார்கள் சிலர். குனோவில் அது நடக்கிறது. 2022-ல் நமீபியாவிலிருந்து 8, 2023-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிப்புலிகள் வந்தன. அது தனி விவாதம். 1952-ல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தோம். அது ஓடிய புல்வெளிகளைத் தரிசு என்று எழுதுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

செய்யக்கூடியது வேறு இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தின் 2002 திருத்தத்தில் சமுதாயக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. தனியார் நிலமோ ஊர் நிலமோ, உரிமையாளர்கள் தாங்களாக முன்வந்தால் காப்பகமாக அறிவிக்கலாம். பட்டா மாறாது. ஆனால் அதன் பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அரசு நிலத்துக்கு இதே திருத்தத்தில் பாதுகாப்புக் காப்பகம் என்ற வகை உண்டு. நெல்லை மாவட்டம் திருப்புடைமருதூரில் பறவைகளுக்காக 2005-லேயே அப்படி அறிவித்தார்கள். அதன் பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. அதற்கும் மேலாக, அரிட்டாபட்டிக்குப் பயன்பட்ட பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது.

சித்தன்னவாசல் குன்று, அதைச் சுற்றிய புதர்நிலம், சுனைகள், வரத்து வாரிகள், பக்கத்துக் கண்மாய்கள், இதையெல்லாம் ஒரே நிலக்காட்சியாக எடுத்து, சுற்றுவட்டார ஊராட்சிகளைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு இதில் ஏதாவது ஒரு வகையில் அறிவிக்கலாம். ஆடு மேய்ப்பது தொடரட்டும். ஆட்டை விரட்டிவிட்டு நரியைக் காப்பாற்றும் திட்டம் இந்த ஊரில் நடக்காது, நடக்கவும் கூடாது. ஓவியம் பார்க்க வருபவர்களை உள்ளூர் இளைஞர்கள் காலையில் பறவை பார்க்கவும், இருட்டியதும் டார்ச்சோடு நடக்கவும் கூட்டிப் போகட்டும். அந்தக் காசு ஊரிலேயே தங்கட்டும். மகுலேகேக்காரர்கள் முப்பது வருஷம் இழந்துவிட்டுத் திரும்ப வாங்கியது இந்த முடிவெடுக்கும் உரிமையைத்தான். நம்ம ஊர்க்காரர்களிடம் அது இன்னும் பாதியாவது மிச்சம் இருக்கிறது.

இதில் பெரிய லாபம் வருமா? சிங்கம் காட்டும் லாபம் வராது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வெயில் ஏறுவதற்கு முன் ஏழடிப்பட்டத்தை முடித்துவிடுங்கள், பாறை சூடானால் கால் வைக்க முடியாது. தண்ணீர் எடுத்துப் போங்க, பாட்டிலைத் திரும்ப எடுத்து வாங்க. ஓவியத்தைப் பார்த்த பிறகு உடனே காருக்குப் போகாமல், சாயங்காலம் பாறை மேல் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கழித்து ஆள்காட்டிக் குருவி கத்தும், நீங்கள் வந்திருப்பதை அது மற்றவர்களுக்குச் சொல்கிறது.